வெண்ணெய்நல்லூரின் நன்றிக் கணக்கு



விழுப்புரம் சந்திப்பிலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் நீங்கள் பலமுறை பயணம் செய்திருப்பீர்கள். விழுப்புரத்தில் தேநீர் அருந்திவிட்டு இருக்கையில் சாய்ந்தால் விருத்தாசலம் வரும்வரை கண் திறவாதவர்களே மிகுதி. இடையில் வரும் நிலையங்கள் சிறியவை. பெரும்பாலான விரைவு வண்டிகள் அவற்றைப் பொருட்படுத்தாமல் கடந்து சென்றுவிடும். அவற்றுள் ஒன்று ‘திருவெண்ணெய்நல்லூர் ரோடு’. அதற்குச் சற்றுத் தெற்கே உளுந்தூர்ப்பேட்டை. அடுத்தமுறை செல்லும்போது இந்தப் பகுதியில் சிறிது விழித்திருங்கள். வடக்கே விழுப்புரம், நடுவே திருவெண்ணெய்நல்லூர், தெற்கே உளுந்தூர்ப்பேட்டை என்னும் இம்மூன்று ஊர்களும், மேடையேறிப் புகழ்பெற்றவர்களையும் வானேறிப் புகழ்பெற்றவர்களையும் நமக்கு நினைவூட்ட வல்லவை. அதைவிட முக்கியமாக, அவர்களை ஏற்றிவிட்டுக் கீழேயே நின்றுவிட்டவர்களை நினைவூட்ட வல்லவை.

கொடுத்தவன் ஊர்

தென்பெண்ணையின் வளத்தால் நெல்லும் கரும்பும் விளையும் நிலப்பரப்பில் அமைந்த பழம்பெரும் ஊர் திருவெண்ணெய்நல்லூர். விழுப்புரம் மாவட்டத்தில் இன்று ஒரு வட்டத்தின் தலைநகராகவும் விளங்குகிறது. சைவ உலகம் இவ்வூரைச் சுந்தரரோடும், சிவஞானபோதம் அருளிய 13ஆம் நூற்றாண்டு மெய்கண்டாரோடும் சேர்த்துப் போற்றுகிறது. ஆனால், சமய வேறுபாடின்றித் தமிழ் கற்றோர் அனைவரும் இவ்வூரை அறிந்திருப்பது ஒரு வள்ளலின் பெயரால்தான். அவர் சடையப்பர்.

கம்பர் பிறந்தது சோழநாட்டுத் தேரழுந்தூர். வாழ்வளித்தது வெண்ணெய்நல்லூர்ச் சடையப்பர் இல்லம். உண்டி கொடுத்து, உறைவிடம் கொடுத்து, பெருங்காப்பியம் ஒன்று எழுதி முடிக்கும்வரை கவலையின்றி இருக்கச் செய்தவர் அவர். அந்த நன்றியைக் கம்பர் தம் காப்பியத்திலேயே பதித்து வைத்தார். நூறு பாடலுக்கு ஒருமுறை சடையப்பரைப் பாட அவர் எண்ணியதாகவும், காப்பியத்தில் இது மிகை என்று புலவர்கள் தடுத்ததாகவும், ஆயிரத்துக்கு ஒருமுறை என்று அவர் குறைத்துக்கொண்டதாகவும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. செய்தி எப்படியாயினும், காப்பியத்தில் சடையப்பர் பெயர் வருவது உண்மை. முடிசூட்டு விழாவைப் பாடும்போதுகூட, சடையப்பரின் முன்னோர் மணிமுடியை எடுத்துக் கொடுக்க, வசிட்டர் வாங்கிச் சூட்டியதாகவே கம்பர் அமைத்துள்ளார். காலத்தால் மிகப் பிந்திய ஓர் உழவர் குடும்பத்தை அயோத்தியின் அரசவையில் கொண்டுபோய் நிறுத்தியது புலவரின் நன்றியுணர்வு!

இதைப் படிக்கும்போது நம் இல்லங்களில் போற்றப்படும் சீறாப்புராணம் உங்கள் நினைவுக்கு வரும். எட்டயபுரத்தில் வாழ்ந்த உமறுப்புலவர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாட வேண்டும் என்று விரும்பி ஆதரவு தந்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. காப்பியம் நிறைவெய்துமுன் அவர் மறைந்தார். அந்த நிலையில் புலவருக்குக் கை கொடுத்தவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். 5,000க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட சீறாப்புராணத்தில் அந்த அபுல்காசிம் போற்றப்படுகிறார். பரங்கிப்பேட்டையும் திருவெண்ணெய்நல்லூரும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் இரு ஊர்கள் என்பதை இங்கே கவனியுங்கள். ஒரே மாவட்டத்து வள்ளல்கள் இருவர், இருவேறு சமயங்களின் இரு பெருங்காப்பியங்களுக்குள் இடம் பெற்றிருக்கிறார்கள். பாடியவர்களின் பெயர் நிலைத்தது. பாடியவர்கள் மறவாததால் கொடுத்தவர்களின் பெயரும் நிலைத்தது.

சந்திப்பில் பிறந்த கலைஞர்

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வடக்கே திரும்பினால் விழுப்புரம். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி எனப் பல திசைகளின் இருப்புப்பாதைகள் கூடும் ஊர். இவ்வூரில் 1928ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கணேசன் என்று பெயரிட்டார்கள். இரயில்வேயில் பணியாற்றிய தந்தை சின்னையா மன்றாயர், நாட்டு விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். மகன் பிறந்த நாளன்றே அவர் கைதானார் என்று கூறுவர். குழந்தைகளை வளர்க்கும் சுமை தாய் இராஜாமணி அம்மையாரின் தோளில் விழுந்தது. குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது.

சிறுவன் கணேசன் கட்டபொம்மன் கூத்தைக் கண்டான். தானும் வேடம் புனைய வேண்டும் என்ற ஆசை அன்று பற்றியது. பள்ளிப் பருவத்திலேயே நாடகக் குழுவில் சேர்ந்தான். அக்காலத்து ‘பாய்ஸ் கம்பெனி’ வாழ்க்கை எளிதன்று. வீட்டைப் பிரிந்து ஊர் ஊராய் அலைய வேண்டும். பெண் வேடம், ஆண் வேடம் எதுவாயினும் கொடுத்ததை நடிக்க வேண்டும். ஆசிரியரின் பிரம்புக்கு அஞ்சிப் பாடம் செய்ய வேண்டும். கணேசன் அதில் முதலில் ஏற்றவை பெண் வேடங்கள். 1940களின் நடுவில், அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்ததைக் கண்டு தந்தை பெரியார் ‘சிவாஜி’ என்று அழைத்தார். அன்றுமுதல் அவர் சிவாஜி கணேசன்.

1952 அக்டோபர் 17ஆம் நாள் ‘பராசக்தி’ வெளிவந்தது. அதற்குப் பின்னுள்ள செய்தியை அறிந்தோர் சிலரே. மெலிந்த உடலும் புதுமுகமுமான நாடக நடிகரைக் கதாநாயகனாக்குவதில் படத் தயாரிப்பில் பங்கு கொண்டோரிடையே தயக்கம் இருந்தது. ‘இவர்தான் நடிக்க வேண்டும்’ என்று உறுதியாக நின்றவர் வேலூரைச் சேர்ந்த நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள் முதலியார். அந்த உறுதி தளர்ந்திருக்குமானால், தமிழ்த் திரையுலகின் வரலாறு வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும்.

சிவாஜி அதை மறந்தாரில்லை. புகழின் உச்சியில் இருந்த காலத்திலும், ஆண்டுதோறும் பொங்கலையொட்டி வேலூருக்குச் சென்று பெருமாள் முதலியாரைக் கண்டு வணங்கிச் சீர் அளித்து வருவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். அவர் பிள்ளைகளும் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய - ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காகச் சிறந்த நடிகர் விருதைப் பெற்றவர் அவர். பின்னாளில் பிரான்ஸ் நாட்டின் செவாலியே விருதும் (1995), இந்திய அரசின் தாதாசாகிப் பால்கே விருதும் அவரைத் தேடி வந்தன. 2001 ஜூலை 21ஆம் நாள் மறைந்தார். இத்தனை விருதுகளுக்கும் நடுவே அந்த வேலூர்ப் பயணத்தை வைத்துப் பாருங்கள். கம்பர் ஆயிரம் பாடலுக்கு ஒருமுறை செய்ததை, விழுப்புரத்தில் பிறந்த கலைஞர் ஆண்டுக்கு ஒருமுறை செய்தார்.

நம் குடும்பங்கள் அவரை நினைவில் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1961இல் வெளிவந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தில், இஸ்லாமியப் பெரியவர் ஒருவரால் வளர்க்கப்பட்ட ரஹீம் என்ற இளைஞராக அவர் நடித்தார். பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் வேறொருவர் என்பதே அக்கதையின் உயிர். அப்படத்தின் கொண்டாட்டப் பாடலில் டி.எம்.சௌந்தரராஜனோடு இணைந்து ஒலித்த கம்பீரக் குரல், நம் இல்லங்களுக்கு மிகவும் பழக்கமான நாகூர் இ.எம்.ஹனீபாவுடையது.

உளுந்தூர்ப்பேட்டை ஓடுதளம்

இனித் தெற்கே செல்வோம். உளுந்தூர்ப்பேட்டை இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. நெடுஞ்சாலைப் பயணிகளுக்கு அது உணவுக்கு நிற்கும் இடம். ஆனால், அவ்வூரருகே இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு.

1942ஆம் ஆண்டை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் மாதம் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து நம் மக்கள் கால்நடையாகவும் கப்பலிலும் திரும்பினார்கள். ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. 9ஆம் நாள் திருகோணமலை தாக்குண்டது. சென்னை நகரமே பாதி காலியாயிற்று. வங்கக் கடலைக் காக்க வேண்டிய தேவை அப்போது எழுந்தது. சோழவரம், அரக்கோணம், சூலூர் என்று தென்னகத்தில் விமானத்தளங்கள் பெருகின. உளுந்தூர்ப்பேட்டைத் தளமும் அந்தக் காலத்ததே. ஏர் ஓட்டியவர்களின் தலைக்கு மேல் போர் விமானங்கள் பறந்த ஆண்டுகள் அவை.

போர் முடிந்தது. விமானிகள் தத்தம் நாடு சென்றனர். ஓடுதளம் மட்டும் மண்ணோடு தங்கிவிட்டது. வானூர்தி ஒன்று எழும்ப வேண்டுமானால் முதலில் நிலம் கொடுப்பார் வேண்டும். மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பிச் சமன் செய்வார் வேண்டும். இயந்திரத்தைத் துடைத்துத் திருகாணி முடுக்குவார் வேண்டும். பதக்கம் பெறுபவர் விமானி ஒருவரே ஆனாலும், அவரைத் தூக்கி நிறுத்தும் கைகள் நூறு.

இந்திய வான்பயணத்தின் தொடக்கத்திலும் இதுவே நடந்தது. 1932 அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு முதல் டாட்டா அஞ்சல் விமானத்தை ஓட்டிவந்த ஜே.ஆர்.டி.டாட்டாவை உலகம் அறியும். அந்த அஞ்சலைப் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட் என்னும் விமானி. வான் அஞ்சல் திட்டத்தையே டாட்டா நிறுவனத்திடம் கொண்டுவந்தவரும் அவர்தான். தயங்கிய டாட்டா குழுமத் தலைவர் சர் தொராப்ஜியிடம் வாதாடி, 2 லட்சம் ரூபாய் முதலீட்டுக்கு இணங்க வைத்தவர் ஜான் பீட்டர்சன் என்ற அதிகாரி. வின்சென்ட் 1942இல் போர்க்காலப் பயணமொன்றில் விமானத்தோடு மறைந்தார். இன்று அவரையோ பீட்டர்சனையோ நினைப்பவர் எத்தனை பேர்?

வளையல் அடகு வைத்த சகோதரி

முதல் அஞ்சல் விமானம் பறந்த அதே நாளில், இராமேசுவரத்தில் ஒரு குழந்தைக்கு ஓராண்டு நிறைந்தது. 1931 அக்டோபர் 15இல் பிறந்த அக்குழந்தை ஆ.ப.ஜெ.அப்துல் கலாம். அந்நாளில் இராமேசுவரத்திலிருந்து சென்னைக்கு வந்த இரயில்கள் விழுப்புரம் சந்திப்பைத் தொட்டே வந்தன. தீவில் பிறந்து சென்னைக் கல்லூரியை நாடிய மாணவர்கள் கடந்துவந்த வழி அது.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் முடித்த கலாமுக்கு, சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. அக்கல்லூரியும் ஒரு கொடையாளியின் ஆக்கமே. தொழிலதிபர் சி.இராஜம் தம் மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு 1949இல் அதைத் தொடங்கினார். ஆனால் சேர்வதற்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் வேண்டியிருந்தது. அன்று அந்தக் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. அப்போது சகோதரி ஸொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியின் கையில் பணத்தைக் கொடுத்தார். சொந்த உழைப்பில் அந்த நகைகளை மீட்டுத் தருவதாகத் தம்பி உறுதி பூண்டார். பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதும்போது இந்நிகழ்ச்சியைக் கலாம் மறைக்கவுமில்லை, சுருக்கவுமில்லை.

கல்லூரி வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்த பழைய விமானங்கள் இரண்டு அவரை ஈர்த்தன. விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். படிப்பு முடிந்ததும் விமானப்படை விமானியாக வேண்டும் என்ற ஆவலோடு டேராடூன் சென்றார். தேர்வில் 9ஆம் இடம் பெற்றார். காலியிடங்கள் 8 மட்டுமே! மனம் உடைந்த அந்த இளைஞர் பின்னர் ஏவுகணை அறிஞராகி, 2002இல் குடியரசுத் தலைவரானார். 2006 ஜூன் 8ஆம் நாள் புனேயில் சுகோய்-30 போர் விமானத்தில் ஏறிப் பறந்தபோது அவருக்கு வயது 74. ஏறத்தாழ அரை நூற்றாண்டு தாமதமாக நிறைவேறிய ஆசை அது. அவர் வீணை வாசிப்பதிலும் ஈடுபாடு கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வானும் இசையும் ஒரே மனிதரிடம் கூடியது அரிய பேறு. அந்தப் பேற்றின் முதல் தவணையைச் செலுத்தியவர் ஸொஹரா.

ஒரே நகரில் இருவர்

இசையும் பறத்தலும் கூடிவந்த நகரம் ஒன்று இஸ்லாமிய வரலாற்றிலும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரத்தைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். பாக்தாதில் பெரும் இசைவாணர் இஸ்ஹாக் அல்மவ்ஸிலியிடம் பயின்ற ஸிர்யாப், 822இல் அந்நகர் வந்து சேர்ந்தார். அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் அவரை வரவேற்று நிலையான ஊதியம் அளித்தார். ‘ஊது’ என்னும் நரம்புக் கருவியில் 5ஆவது நரம்பைச் சேர்த்தவர் என்று ஸிர்யாப் புகழப்படுகிறார். அவர் நிறுவிய இசைப்பள்ளி ஸ்பெயினின் இசை மரபுக்கே அடித்தளமாயிற்று.

அதே நகரில் வாழ்ந்தவர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ். கவிஞர், இசை கற்பித்தவர், கண்ணாடி செய்யும் நுட்பம் கண்டவர், நீர்க்கடிகாரம் அமைத்தவர். 875ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ 65 வயதில், உடலில் இறகுகளைப் பொருத்திக்கொண்டு உயரமான இடத்திலிருந்து அவர் காற்றில் மிதந்தார் என்று வரலாற்றாசிரியர் அல்மக்கரி குறித்துள்ளார். இறங்கும்போது முதுகில் அடிபட்டது. பறவை தரையிறங்க வாலைப் பயன்படுத்துவதை அவர் கருத்திற் கொள்ளாததே காரணம் என்று அக்குறிப்பு கூறுகிறது. நிலவின் பள்ளம் ஒன்றும், குர்துபாவின் பாலம் ஒன்றும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஒரு பாணரையும் ஒரு பறக்க முயன்றவரையும் ஒரே நகரம் தாங்கியது எவ்வாறு? விந்தையான முயற்சிகளைக் கண்டு சிரித்து விரட்டாமல், சோறிட்டுக் காத்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

நீங்கள் செல்லும்போது

வாசகர்களே! விழுப்புரத்திலிருந்து திருவெண்ணெய்நல்லூருக்குப் பேருந்தில் செல்வதே எளிது. இரயில் நிலையத்தின் பெயரில் ‘ரோடு’ என்றிருப்பதிலிருந்தே ஊர் சற்று விலகியிருப்பதை உணர்வீர்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வயல்களைக் காட்டி, இந்த நெல்தான் ஒரு காப்பியத்துக்குச் சோறிட்டது என்று கூறுங்கள். விழுப்புரத்தில் இறங்கும்போது, தந்தை சிறையிலிருக்கத் தாய் வளர்த்த ஒரு பிள்ளையின் கதையைக் கூறுங்கள். உளுந்தூர்ப்பேட்டையைக் கடக்கும்போது, பெயர் தெரியாத கரங்கள் சமன் செய்த ஓடுதளத்தைக் கூறுங்கள்.

அத்துடன் உங்கள் குடும்பக் கதையையும் கூறுங்கள். இன்று படித்துப் பட்டம் பெற்று, வளைகுடாவிலும் அதற்கு அப்பாலும் பணிபுரியும் பிள்ளைகள் நம்மில் பலர். அவர்களை அனுப்புவதற்காக நகையைக் கழற்றிக் கொடுத்த தாய், படிப்பைப் பாதியில் நிறுத்திக் கடையில் நின்ற அண்ணன், தன் திருமணத்தைத் தள்ளிப்போட்ட அக்காள் என்று நம் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு ஸொஹரா இருப்பார். அவருடைய பெயர் எந்த ஏட்டிலும் ஏறியிராது. விமானத்தில் வந்திறங்கும் பிள்ளை, வேலூர் சென்ற கலைஞரைப்போல் அவர் வாசலுக்கு ஒருமுறையேனும் போகிறானா? அடகு வைத்த வளையல் மீண்டும் அவர் கைக்கு வந்ததா?

சடையப்பர் பெயரைக் கம்பர் பாடாது விட்டிருந்தாலும் அவர் கொடுத்த சோறு சோறாகவே இருந்திருக்கும். ஆனால், பாடாத கம்பர் நம் மதிப்பில் சிறிது குறைந்திருப்பார். கொடுத்தவர்களுக்கு நம் நன்றி தேவைப்படாமல் இருக்கலாம். பெற்றுக்கொண்டவர்களுக்கு அது கட்டாயம் தேவை. வண்டி திருவெண்ணெய்நல்லூர் ரோடு நிலையத்தைக் கடக்கும் அந்த ஒரு நிமிடத்தில், உங்கள் கடன் யாரிடம் என்பதை எண்ணிப் பாருங்கள். விருத்தாசலம் வருமுன் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுக்க நேரம் நிறையவே இருக்கும்.